ரயிலடியில் முளைத்த ஊர்: டெக்சஸின் வெஸ்ட்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரை நம்பி மாநிலத்தின் மேற்கே தேடினால் கிடைக்காது. வேகோ நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில், டாலஸுக்குப் போகிற பெரிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. தாமஸ் வெஸ்ட் என்பவரின் பெயர்தான் ஊருக்கு வந்தது. கேட்பவர் குழம்பிவிடக் கூடாதே என்று, எழுதும்போது நடுவில் வைக்கிற காற்புள்ளியையும் வாயால் சொல்லி, "வெஸ்ட் கமா டெக்சஸ்" என்றே அந்தப் பக்கத்து மக்கள் சொல்வது வழக்கம்.

மொத்தம் 3,000 பேர்கூட இல்லாத ஊர். ஆனாலும், ரயிலும் விவசாயமும் சேர்ந்து அமெரிக்காவில் எப்படி ஊர்களை உண்டாக்கின என்று முதல்முறையாகக் கேட்பவருக்கு நான் இந்த ஊரைத்தான் காட்டுவேன். இந்த ஊரின் பிழைப்பு, ஒரு நாள் கூத்து, மிகப் பெரிய துக்கம் மூன்றுமே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நடந்தவை. எது எதற்காகத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், ஊரின் கதை முழுக்கப் பிடிபட்டுவிடும்.

ரயில் முதலில், ஊர் பிறகு

ஊர் இருக்கும், அதற்குப் பிறகு அங்கே ரயில் வரும் என்பதுதான் நம் பழக்கம். தஞ்சாவூர் ஆயிரம் வருஷமாக இருந்தது. ரயிலடி பின்னால் வந்தது. டெக்சஸின் பல ஊர்களுக்குக் கதை தலைகீழ். அங்கே ரயிலடிதான் முதலில். அதைச் சுற்றி ஊர் முளைத்தது.

டெக்சஸ் 1845-இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தை மத்திய அரசுக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டது. ஆக மாநிலத்திடம் நிலம் ஏராளம், கையில் பணம் இல்லை. ரயில் கம்பெனிகளை வரவழைக்க நிலத்தையே கூலியாகக் கொடுத்தார்கள். ஒரு மைல் பாதை போட்டால் 16 செக்‌ஷன் நிலம். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதாவது மைலுக்கு 10,240 ஏக்கர். 1882-இல் இந்தத் திட்டத்தை நிறுத்தியபோது கொடுத்து முடித்திருந்த நிலம் சுமார் 3.2 கோடி ஏக்கர். எல்லாக் கம்பெனிக்கும் இது ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. ஆனால் பாதை போட்டால் பக்கத்து நிலத்தின் விலை ஏறும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வழியில் எங்கெங்கே நிற்பது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவுசெய்தன. நீராவி இன்ஜினுக்குக் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். விவசாயிக்கோ, காலையில் வண்டி கட்டிப் புறப்பட்டால் சரக்கைப் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கோவேறு கழுதை பூட்டிய வண்டி அப்படி ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம் அதிகமில்லை. அதனால்தான் இந்தப் பாதையில் ஹில்ஸ்பரோ, அபட், வெஸ்ட், வேகோ என்று அடுத்தடுத்து ஊர்கள் வரும். (அபட்டில்தான் பாடகர் வில்லி நெல்சன் 1933-இல் பிறந்தார். சிறுவயதில் அவரும் இந்தக் காடுகளில் பருத்தி எடுத்தவர்.)

இந்தப் பாதையைப் போட்டது மிசௌரி-கேன்சஸ்-டெக்சஸ் ரயில் கம்பெனி. பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளான கே, டி இரண்டையும் சேர்த்து மக்கள் அதை "கேட்டி" என்று ஒரு பெண்ணின் பெயர் போலவே கூப்பிட்டார்கள். 1872 கிறிஸ்துமஸ் அன்று ரெட் ஆற்றைத் தாண்டி டெனிசனுக்குள் வந்ததன் மூலம், வடக்கிலிருந்து டெக்சஸுக்குள் நுழைந்த முதல் ரயில் என்ற பெயரையும் கேட்டி எடுத்துக்கொண்டது. 1880-களின் தொடக்கத்தில் ஹில்ஸ்பரோவுக்கும் வேகோவுக்கும் நடுவே தண்டவாளம் போட்டபோது, பாதை போக நிலம் விற்றவர் தாமஸ் வெஸ்ட். 1882-இல் அங்கே தபால் ஆபீஸ் திறந்தது. அவர்தான் போஸ்ட்மாஸ்டர், அவர் பெயர்தான் ஊருக்கு. தபால் ஆபீசுக்கு வைத்த பெயரே ஊர்ப் பெயராகிவிடுவது அந்தக் கால டெக்சஸில் சாதாரணம்.

அங்கேயும் கரிசல்தான்

ரயில் வந்தால் மட்டும் ஊர் நிற்காது. ரயிலில் ஏற்ற ஏதாவது விளைய வேண்டும். வெஸ்ட் இருப்பது, ரெட் ஆற்றிலிருந்து சான் அன்டோனியோ பக்கம் வரை நீண்டு கிடக்கிற ஒரு கருப்பு மண் பட்டையில். இந்த மண்ணை விளக்க ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதுவார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: கரிசல். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. மண் அறிவியலில் கோவில்பட்டிக் கரிசலும் வெஸ்ட்டின் கருப்பு மண்ணும் வெர்டிசால் என்ற ஒரே வகைக்குள் வருகின்றன. மழை பெய்தால் உப்பிக் காலோடு ஒட்டிக்கொண்டு வரும்; கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பிச் சுருங்கி மண் அசைந்துகொண்டே இருப்பதால் வீட்டுச் சுவரில் கீறல் விழும். கோவில்பட்டிக்காரருக்கு இதில் எதுவும் புதிதல்ல.

ஆழமாக வேரோடிய புல் மூடிக் கிடந்த இந்த மண்ணை மரக்கலப்பையால் கிழிக்க முடியாது. அதனால் முதலில் வந்து குடியேறியவர்கள் ஓடைக்கரை மரநிழலிலேயே தங்கிவிட்டார்கள். எஃகுக் கலப்பை வந்த பிறகுதான் வெட்டவெளிக் கரிசல் உழவுக்கு வந்தது. ஆனாலும் விளைந்ததை வெளியே கொண்டுபோக வழி வேண்டுமே? ரயிலுக்கு முந்தைய காலத்தில் பருத்தியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோக வாரக்கணக்கில் ஆகும். நடுவில் மழை பிடித்தால் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். கரிசல் ரோட்டில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டியவருக்குத்தான் தண்டவாளத்தின் அருமை தெரியும்.

அறுவடைக் காலத்தில், கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கிற ஜின்னிங் மில் வாசலில் நின்று பார்த்தால் இந்த ஊரின் பொருளாதாரம் முழுக்கப் புரியும். பக்கவாட்டில் உயரமாகப் பலகை அடித்த வண்டிகள் வரிசையில் நிற்கும். ஒரு வண்டியில் சுமார் 1,500 பவுண்டு, கொட்டையோடு கூடிய பருத்தி. இதைக் கூடையில் அள்ளி மில்லுக்குள் சுமப்பதுதான் பழைய முறை. பக்கத்து மாவட்டத்தில் உள்ள மஹேயா ஊரில் ராபர்ட் மங்கர் என்பவர் 1880-களில் வேறு வழி கண்டுபிடித்தார். வண்டிக்கு மேலே ஒரு பெரிய தகரக் குழாய் தொங்கும்; ஒருவர் அதைப் பருத்தியின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்த, காற்றே பஞ்சை உறிஞ்சி இயந்திரத்துக்குக் கொண்டுபோகும். அரவை முடிந்து பஞ்சு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். பஞ்சை அழுத்திக் கட்டினால் சுமார் 500 பவுண்டில் ஒரு பேல். கொட்டை எண்ணெய் மில்லுக்கு. எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கு மாட்டுக்கு. பேல் உருண்டு போகிற தூரத்தில் ரயில்வே மேடை. மில்லும் கிடங்கும் ஏன் தண்டவாளத்தை ஒட்டியே இருந்தன என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டிக்காரர்களில் பலர் அந்தப் பருத்திக்கு முழுச் சொந்தக்காரர்கள் இல்லை. 1900-இல் டெக்சஸ் விவசாயிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அடுத்தவர் நிலத்தில் உழுதவர்கள். ஏரும் மாடும் சொந்தமாக வைத்திருப்பவர் பருத்தியில் நாலில் ஒரு பங்கையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கையும் நிலக்காரருக்கு அளக்க வேண்டும். எதுவுமே இல்லாதவர் விளைச்சலில் பாதியை அளக்க வேண்டும். வருஷம் முழுவதும் கடையில் மாவும் துணியும் கடனுக்கு வாங்கி, பேல் விற்ற பணத்தில் கணக்குத் தீர்ப்பார்கள். 1890-களின் நடுவில் பருத்தி விலை பவுண்டுக்கு 5 சென்ட் அளவுக்கு இறங்கியபோது கணக்குத் தீராமல் அடுத்த வருஷத்துக்குத் தாண்டியது. அத்தனை கோபமும் ரயில் கட்டணத்தின் மேல் திரும்பியது. ஊருக்கு வழி ஒன்றே ஒன்று, அந்த வழிக்கு முதலாளி ஒரே கம்பெனி என்றால் அவர்கள் கேட்டதுதானே கட்டணம்? ஜேம்ஸ் ஹாக் கவர்னராக இருந்த 1891-இல் ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த டெக்சஸ் தனி ஆணையம் அமைத்தது இந்த விவசாயிகளின் நெருக்குதலால்தான்.

செக் பேசிய ரயிலடி

கரிசலும் ரயிலும் இருக்கிற இடத்தைத் தேடி வந்தவர்களில் செக் மக்கள் முக்கியமானவர்கள். அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த பொஹீமியா, மொராவியா பகுதிகளில், குடும்ப நிலம் பாகம் பிரிந்து பிரிந்து வயிற்றுக்குப் போதாமல் ஆகியிருந்தது. அங்கிருந்து கப்பலேறிக் கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கி, முதலில் டெக்சஸின் தெற்குப் பகுதியில் தங்கினார்கள். அங்கே நிலம் விலை ஏறியதும் அடுத்த தலைமுறை வடக்கே கரிசலை நோக்கி நகர்ந்தது. 1880-களில் தொடங்கி வெஸ்ட்டில் கடை, கசாப்பு, பேக்கரி என்று ஊரின் முகமே செக் முகமாகிவிட்டது. செக் மொழியில் செய்தித்தாளே இந்தச் சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது.

இன்றும் வெஸ்ட் என்றதும் டெக்சஸ்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது கொலாச்சி. உள்ளங்கை அகலத்தில், புளித்த மாவில் செய்கிற மெத்தென்ற ரொட்டி. நடுவில் விரலால் ஒரு குழி அழுத்தி அதில் ஆப்ரிகாட் பழம், உலர்ந்த பிளம், கசகசா, இனிப்புப் பாலாடைக்கட்டி என்று ஏதாவது ஒன்றை நிரப்பிச் சுடுவார்கள். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசிறிய தூள். உள்ளே தொத்திறைச்சி வைத்து மூடிச் செய்வதையும் வழிப்போக்கர்கள் கொலாச்சி என்றே கேட்பார்கள். ஊர்க்காரர்கள் அதற்குக் குளோபாஸ்னிக் என்று வேறு பெயர் இருப்பதைப் பொறுமையாகத் திருத்துவார்கள். குடியேறி நூறு வருஷம் கடந்தும் பலகாரத்தின் பெயரைத் தப்பாகச் சொல்ல விடாத அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு மொழி வீட்டிலிருந்து மெல்ல மறையும்போதும் அடுப்படியில் கடைசிவரை நிற்கிறது. 1976-இலிருந்து செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி வெஸ்ட்ஃபெஸ்ட் என்ற செக் திருவிழாவும் நடக்கிறது.

ஒரு நாள் மட்டும் இருந்த நகரம்

1896-இல் கேட்டி கம்பெனியின் பயணிகள் பிரிவு அதிகாரி வில்லியம் ஜார்ஜ் கிரஷ் ஒரு யோசனை சொன்னார்: பழசாகிப்போன இரண்டு இன்ஜின்களை எதிரெதிரே முழு வேகத்தில் விட்டு மோத வைப்போம், பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி இலவசம், நம் ரயிலில் வருவதற்கு மட்டும் காசு வாங்குவோம். 1893-இன் பொருளாதார நெருக்கடியில் பல ரயில் கம்பெனிகள் திவாலாகியிருந்த நேரம். கம்பெனி ஒப்புக்கொண்டது.

வெஸ்ட்டுக்குத் தெற்கே 3 மைலில் ஒரு பள்ளத்தாக்கு. தனித் தண்டவாளம் போட்டார்கள். கிணறு வெட்டினார்கள். சர்க்கஸ் கூடாரம் கொண்டுவந்து சாப்பாட்டுக் கடை போட்டார்கள். குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்களுக்காக மரத்தில் ஒரு சிறைகூடக் கட்டினார்கள். அந்த இடத்துக்குக் கிரஷ் என்றே பெயர். செப்டம்பர் 15 அன்று அங்கே கூடியவர்கள் சுமார் 40,000 பேர். அந்த ஒரு நாள் மட்டும், டெக்சஸின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று அந்த வெற்று வயல்.

ஒரு இன்ஜினுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு வண்ணம். இரண்டும் முதலில் மூக்கோடு மூக்கு உரசி நின்று, பிறகு பின்வாங்கி இரண்டு கோடிகளுக்கும் போயின. டிரைவர்கள் நீராவியைத் திறந்துவிட்டுக் குதித்துவிட்டார்கள். பாய்லர் வெடிக்காது என்று கம்பெனி ஆட்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். மோதிய கணத்தில் இரண்டு பாய்லரும் வெடித்தன. இரும்புத் துண்டுகள் கூட்டத்துக்குள் பறந்தன. குறைந்தது 2 பேர் இறந்தார்கள். படம் எடுக்க மேடையில் நின்ற புகைப்படக்காரருக்கு ஒரு கண் போயிற்று. அன்று மாலைக்குள் கூடாரத்தைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை வேடிக்கைக் கதையாகவே பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வருவதில்லை. வெடிக்காது என்று சொன்னவர்களை நம்பிக் குழந்தைகளோடு வந்து நின்றவர்கள் அவர்கள். பாய்லருக்குள் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்?

பருத்தி போய், உரம் வந்தது

பருத்தியின் காலம் மெல்லத்தான் முடிந்தது. 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி வந்த கூன்வண்டு, காய்க்குள் முட்டையிட்டு மகசூலைத் தின்றது. 1930-களில் பருத்திப் பரப்பைக் குறைக்க அரசு பணம் கொடுத்தது. நிலக்காரர்கள் அந்தப் பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். பங்குக்கு உழுதவர்கள் நகரத்துக்குப் போனார்கள். டாலஸையும் வேகோவையும் இணைத்து வெஸ்ட் வழியாக ஓடிய மின்சார ரயில் 1948-இன் கடைசி நாளோடு நின்றது. நெடுஞ்சாலை வந்தது. கேட்டி கம்பெனியும் 1988-இல் யூனியன் பசிபிக் குழுமத்துக்குள் கரைந்தது.

மண்ணில் இப்போது மக்காச்சோளம், சோளம், கோதுமை, மாட்டுத் தீவனம். மக்காச்சோளம் தழைச்சத்தை அள்ளித் தின்கிற பயிர். முன்பு இந்த ஊரிலிருந்து பருத்தி ரயிலேறி வெளியே போனது. இப்போது உரம் ரயிலேறி உள்ளே வந்தது. 1962-இல் ஊருக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவே, தண்டவாளத்தை ஒட்டி ஓர் உரக் கிடங்கு கட்டினார்கள். ஜின்னிங் மில் அங்கே நின்றதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்: வேகனிலிருந்து நேராக இறக்கலாம்.

அடுத்த 50 வருஷத்தில் ஊர் கிடங்கை நோக்கி வளர்ந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், அடுக்குமாடிக் குடியிருப்பு, வீடுகள். கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட்டை மரத் தொட்டிகளில் கொட்டி வைத்திருந்தார்கள். வெள்ளை மணி மணியாக ஜவ்வரிசி போல இருக்கும் உரம் அது. சும்மா கிடந்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் தீயில் சூடேறி, எரிகிற பொருளோடு கலந்துவிட்டால் வெடிமருந்தாக மாறும். டெக்சஸ் இதை முன்பே பார்த்திருந்தது. 1947 ஏப்ரல் 16 அன்று டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் இதே உரம் ஏற்றிய கப்பல் வெடித்து 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

2013 ஏப்ரல் 17, மாலை 7:30 மணி வாக்கில் வெஸ்ட் கிடங்கில் தீ. சின்ன ஊர் என்பதால் சம்பளத் தீயணைப்பு வீரர்கள் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சங்கு கேட்டால் ஓடிவருகிற ஊர்க்காரர்கள்தான் தீயணைப்புப் படை. அன்றும் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து ஓடினார்கள். முதல் தகவல் வந்து சுமார் 20 நிமிடத்தில், ஏறக்குறைய 30 டன் உரம் ஒரே அடியாக வெடித்தது. தரையில் 90 அடிக்கு மேல் அகலமான குழி. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவி செய்யவும் ஓடியவர்கள். சுமார் 260 பேருக்குக் காயம். பள்ளியில் அந்த நேரம் பிள்ளைகள் இல்லை. பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ஊர்ப் பெற்றோர்கள் நினைத்துப் பார்க்காத இரவு இருந்திருக்காது.

தீ எப்படிப் பிடித்தது என்பதில் சர்ச்சை உண்டு. 2016-இல், துப்பாக்கி, வெடிபொருள் குற்றங்களை விசாரிக்கிற மத்திய அரசுத் துறையான ஏ.டி.எஃப். யாரோ வைத்த தீ என்றது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் மரத் தொட்டியும், பக்கத்தில் பள்ளிக்கூடமும் இருந்ததில் சர்ச்சை ஏதும் இல்லை. இந்த உரத்தை எரியக்கூடிய பொருளிலிருந்து 30 அடி தள்ளி வைக்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் போட்டது 2015-இல்தான். வெறும் 30 அடி. டெக்சஸ் சிட்டியில் அத்தனை பேர் செத்து 68 வருஷம் கழித்து.

வரைபடத்தில் பார்க்க

செயற்கைக்கோள் வரைபடத்தில் இந்த ஊரைத் திறந்து பாருங்கள். முதலில் தண்டவாளத்தைக் கண்டுபிடியுங்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து போகும் ஒரு மெல்லிய கோடு. அதை ஒட்டிப் பழைய கடைத்தெரு. ஊரின் வடக்கு ஓரத்தில், கோட்டுக்குப் பக்கத்திலேயே கிடங்கு இருந்த இடம். அங்கிருந்து விரலைக் கோட்டோடு தெற்கே நகர்த்திக்கொண்டு வாருங்கள். ஊர் முடிந்து 3 மைல் அளவில், உழுது போட்ட கருப்பு வயல்களைத் தவிர எதுவும் தெரியாது. 40,000 பேர் நின்ற இடம் அங்கேதான்.